பழைய டைவிங் சிலிண்டரைப் புதுப்பிக்கக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள். என் இரண்டு மாதச் சம்பளம் போச்சு

நேற்று மாலைதான் சிலிண்டர் கைக்கு வந்தது. இன்று காலை ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணீர் அழுத்தம் கொடுத்து சிலிண்டர் தாங்குகிறதா என்று பார்ப்பது) செய்யும் இடத்தில் அதன் தோளை, அதாவது கழுத்துக்குக் கீழே வளையும் பகுதியை, தடவிப் பார்த்துவிட்டு, "இதை நாங்கள் எடுக்க முடியாது" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். வயிறு எரிகிறது.

எனக்கு டைவிங் கற்றுக்கொடுத்தவர் தந்த சிலிண்டர் அது. ஸ்டீல், 72 கன அடி, கடைசிக் காற்றைத் தனியாகப் பிடித்து வைக்கும் ஜே வால்வு. மிச்சக் காற்றைக் காட்டும் கேஜ் பரவலாக வருவதற்கு முன்பு, மூச்சு இழுக்கச் சிரமமானதும் பக்கத்தில் தொங்கும் கம்பியை இழுப்பார்கள், கடைசி 300 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) சொச்சக் காற்று திறந்துகொள்ளும். அந்தக் கம்பிகூட வளையாமல் இருந்தது. தோளில் 3ஏஏ2250 என்ற அமெரிக்க முத்திரை (3ஏஏ ஸ்டீல் வகை, 2250 காற்று நிரப்பும் அழுத்தம், பிஎஸ்ஐ-யில்), சீரியல் நம்பர், 5-69 என்று முதல் டெஸ்ட் தேதி.

பழைய டைவிங் சாமான்களைப் புதுப்பித்துத் தருவதாக இணையத்தில் விளம்பரம் செய்யும் ஒரு பட்டறையில் கொடுத்தேன். அங்கிருந்தவர் சிலிண்டரை மடியில் சாய்த்து வைத்து, முத்திரை மேல் சாக்பீஸைத் தேய்த்தார். எழுத்துகள் பளிச்சென்று வெள்ளையாக எழுந்தன. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் படித்துச் சொன்னார். "சார், இதுதான் இதோட ஜாதகம், இதுல யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் மயங்கினேன். சிலிண்டருக்குள் உரசும் கற்களைப் போட்டு உருட்டித் துருவை எடுப்பது, வால்வு சர்வீஸ், ஹைட்ரோ டெஸ்ட், கடைசியில் பெயிண்ட் எல்லாம் சேர்த்து இரண்டு மாதச் சம்பளம். முழுசாக முன்பணமாகவே கொடுத்தேன்.

நான்கு மாதம் இழுத்தடித்து அனுப்பிய சிலிண்டர் மஞ்சளாக மின்னியது. தோளைத் தடவினால் வழுவழுவென்று இருக்கிறது. கிரைண்டர் வைத்து மொத்தத்தையும் இழைத்திருக்கிறார்கள். நம்பர் இல்லை, தேதி இல்லை. முத்திரை இல்லாத சிலிண்டரை யாரும் டெஸ்ட் செய்ய மாட்டார்கள், காற்றும் நிரப்ப மாட்டார்கள். எவ்வளவு உலோகத்தைச் சீவினார்கள் என்றும் தெரியாது. டெஸ்டில் 2250-க்கு 3750 பிஎஸ்ஐ வரை தண்ணீர் அழுத்தம் கொடுப்பார்கள். சீவிய தோளை வைத்துக்கொண்டு அதைத் தாங்கும் என்று எப்படி நம்புவது?

வால்வைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தேன். துரு அப்படியே இருக்கிறது. கவிழ்த்துத் தட்டினால் பழுப்புத் தூள் கொட்டுகிறது. உள்ளே ஈரமும் துருவும் சேர்ந்தால், அடைத்து வைத்த காற்றிலிருக்கும் ஆக்ஸிஜனையே அது தின்றுவிடும். வெளியே பெயிண்ட் அடித்துவிட்டு இதை அப்படியே அனுப்ப எப்படி மனசு வந்தது?

போன் செய்தேன். முதலில், "பையன் தெரியாம பண்ணிட்டான்." அப்புறம், "ஓனர் ஊரில் இல்லை." மூன்றாவது தடவை, "நீங்க ஷோகேஸ்ல வைக்கத்தான் கேட்டீங்கன்னு நினைச்சோம்." ஹைட்ரோ டெஸ்டுக்குக் காசு வாங்கிக்கொண்டு ஷோகேஸாம்! டெஸ்ட் ரசீது கேட்டேன். "பெயிண்டுக்கு ஒரு வருஷம் கேரண்டி இருக்கு சார்" என்று சொல்லி வைத்துவிட்டார்கள். இப்போது போனே எடுப்பதில்லை. இரண்டு மாதச் சம்பளம், அதைவிட எனக்குக் கற்றுக்கொடுத்தவர் நம்பிக் கொடுத்த பொருள்.

விவரமாக ஆலோசனை எழுத உட்கார்ந்தேன், ஆத்திரத்தில் ஓடவில்லை. தெரிந்ததைச் சொல்கிறேன். முதலில் நீங்களே கொண்டுபோய் ஹைட்ரோ டெஸ்ட் செய்யுங்கள், தேறினால் மட்டும் பெயிண்டைப் பற்றி யோசியுங்கள். கொடுக்கும் முன் முத்திரையையும் உட்புறத்தையும் படம் எடுத்து வையுங்கள். முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். அலுமினிய சிலிண்டர் என்றால் பவுடர் கோட்டிங் (பெயிண்ட் பவுடரைத் தூவிச் சூட்டில் உருக்கி ஒட்டவைப்பது) அடுப்புப் பக்கமே விடாதீர்கள், அந்தச் சூட்டில் உலோகத்தின் பலம் போய்விடும். 1970, 80-களில் வந்த சில அலுமினிய சிலிண்டர்கள் 6351 என்ற கலவையில் செய்தவை. அவற்றின் கழுத்தில் விரிசல் வரலாம், அதைத் தனியாகச் சோதிக்கச் சொல்லுங்கள்.

இப்படி எங்காவது ஏற்கெனவே கொடுத்து வைத்திருந்தால், கிரைண்டர் படும் முன் இன்றே போய்த் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.