எஃப்டி8-ஆ, பிஎஸ்கே31-ஆ? டர்பன் ஹாம்களுக்கு ஓர் ஒப்பீடு

ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக்காரர்கள் ரேடியோவோடு கணினியை இணைத்து எழுத்துச் செய்தி அனுப்பும் இரண்டு முறைகள் எஃப்டி8 (FT8), பிஎஸ்கே31 (PSK31). எஃப்டி8-இல் நம் சிக்னல் எப்படி வருகிறது என்று எதிர்முனை அனுப்பும் '-15' ஓர் அளவீடு. 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் உள்ள இரைச்சலைவிட நம் சிக்னல் எத்தனை டெசிபெல் தாழ்ந்திருக்கிறது என்று கணினியே கணக்கிடுகிறது. பிஎஸ்கே31-இல் வரும் '599' ('மிக நன்றாக வருகிறது' என்ற குறி) பெரும்பாலும் மரியாதைக்குத் தருவது; எழுத்து பாதி சிதறி வந்தாலும் அதையே தட்டுகிறார்கள். சிக்னலின் உண்மை நிலவரம் வேண்டுமென்றால் நான் எஃப்டி8-ஐத்தான் நம்புவேன்.

மெலிந்த சிக்னலைப் பிடிப்பதிலும் அதற்கே முதலிடம். சுமார் -21 டெசிபெல் வரை, அதாவது காதுக்கே எட்டாததையும், படித்துவிடும். டர்பனின் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் போல வீடுகள் நெருங்கிய இடத்தில், பக்கத்து வீட்டு சோலார் இன்வெர்ட்டர் இரைச்சலுக்கு நடுவே ஆன்டெனா கட்டியவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஆனால் கடிகாரம் துல்லியமாக இருக்க வேண்டும். 15 விநாடி முறை வைத்து அனுப்புவதால், ஓரிரு விநாடி பிசகினாலே தொடர்பு கிடைக்காது. மின்வெட்டில் இணையமும் போய்விட்டால் நேரத்தைச் சரிசெய்ய ஜிபிஎஸ் கருவி கைகொடுக்கும். பிஎஸ்கே31-க்கு அந்தக் கவலை இல்லை.

பேச்சு என்று வந்தால் கதையே வேறு. எஃப்டி8-இல் நாமாக எழுத 13 எழுத்துதான் இடம். ஆங்கில எழுத்தில் 'வணக்கம்' சொல்லலாம், நலம் விசாரிக்க முடியாது. பீட்டர் மார்ட்டினெஸ் 1998-இல் தந்த பிஎஸ்கே31 தட்டச்சு செய்து அரட்டையடிக்கவே பிறந்தது. சென்னை நிலையம் ஒன்று சிக்கினால் ஊர், மழை, ஆன்டெனா உயரம் எல்லாம் பேசலாம். 2017-இல் எஃப்டி8 வந்தபின் அங்கே கூட்டம் குறைந்துபோனது எனக்கு உண்மையிலேயே வருத்தம். ஜேஎஸ்8கால் (JS8Call) என்ற இன்னொரு முறை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது: எஃப்டி8 வழி வந்தது, ஆனால் உரையாடலாம்.

நடத்தை விதி இரண்டிலும் ஒன்றே: தேவைக்கு மேல் பவர் வேண்டாம். 3 கிலோஹெர்ட்ஸுக்குள் பலர் சேர்ந்து இருக்கிறோம். ஒருவர் அலறினால் கேட்பவரின் ரிசீவர் தானாகவே ஒலியைத் தணிக்கிறது, மெலிந்தவர்கள் அதில் மூழ்கிப்போகிறார்கள். '+05' என்று ரிப்போர்ட் வந்தால் பவரைக் குறையுங்கள். ரேடியோவின் ஏஎல்சி முள் (உள்ளே வரும் ஒலி மிகுந்தால் அசையும் அளவுமுள்) அசையாத அளவுக்குக் கணினியின் ஒலியை வையுங்கள், இல்லையேல் சிக்னல் பக்கங்களில் வழியும். எஃப்டி8-இல் அழைப்பவரின் இடத்திலேயே ஏறிக் கூப்பிடாமல், காலி இடம் பார்த்துக் கூப்பிடுங்கள். பிஎஸ்கே31-இல் முதலில் காதுகொடுத்துக் கேளுங்கள். அங்கே இன்னொரு வசதி: "உங்கள் சிக்னல் அகலமாகிறது, ஒலியைக் குறையுங்கள்" என்று எதிரே இருப்பவருக்கு உடனே தட்டிச் சொல்லிவிடலாம்.