அடையாறுல குட்டிப் பசங்களுக்கான ப்ரெஞ்ச் க்ளாஸ்: காசுக்கு வொர்த்தா?

பொண்ணுக்கு நாலு வயசு, எல்கேஜி. அடையாறுல ஒரு வீட்டு மாடில சனிக்கிழமை காலைல நடக்குற ப்ரெஞ்ச் க்ளாசுக்குப் போன ஜூன்ல சேத்தோம், இன்னும் போயிட்டுதான் இருக்கா. சின்ன இடம், அதனால பேரு போடல.

முதல்லயே சொல்லிடறேன், ஆறு மாசத்துல குழந்தை கடகடன்னு ப்ரெஞ்ச் பேசணும்னா இங்க வராதீங்க, எங்கயுமே போகாதீங்க. வாரத்துக்கு ஒரு மணி நேரத்துல எந்த மொழியும் வராது. ப்ளஸ் டூல மார்க்குக்காக ப்ரெஞ்ச் எடுத்த கூட்டம்தானே நாமல்லாம், ரெண்டு வருஷம் படிச்சு "ஜு மாப்பெல்" (என் பேரு) தாண்டி எத்தன பேருக்கு வாய் வந்துச்சு?

இதுக்கு முன்னாடி ஒரு ஆப்ல ஆன்லைன் க்ளாஸ் போனா. ஃபோன் பண்ணி "அஞ்சு வயசுக்குள்ள மூளை வளந்து முடிஞ்சிரும் மேடம், இப்ப விட்டா அவ்ளோதான்"னு பயமுறுத்தித்தான் பேக்கேஜ விக்கிறாங்க. பாதி ரெக்கார்டட் வீடியோ, மீதி லைவ்ல எல்லா குழந்தையும் ம்யூட்டு, இவ ஸ்க்ரீன்ல தன் மூஞ்சியப் பாத்து நாக்க நீட்டிட்டு இருப்பா. பாட்ரிஷியா குல்னு ஒரு விஞ்ஞானி சியாட்டில்ல பண்ண ஆராய்ச்சி 2003ல வந்துச்சு, ஒம்பது மாச அமெரிக்கக் குழந்தைங்களுக்கு சீன மொழி, எதிர்ல ஆள் உக்காந்து பொம்மை காட்டிப் பேசுனப்ப 12 செஷன்லயே அந்த மொழியோட ஒலிய பிரிச்சுக் கேக்க ஆரம்பிச்சிருச்சுங்க, அதையே டிவில போட்டுக் காட்டுன குழந்தைங்களுக்கு ஒண்ணும் ஏறல. அது கைக்குழந்தைங்க, நாலு வயசுக்கு அப்படியே பொருந்தும்னு சொல்ல மாட்டேன், ஆனா எங்க வீட்ல நடந்ததும் அதேதான். அதுவும் இந்த வயசுக்கு ஸ்க்ரீனே ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்தத் தாண்டக்கூடாதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2019ல சொல்லிருக்கு, அந்த ஒரு மணி நேரத்த இதுக்கா குடுக்கறது?

இங்க டீச்சர் புதுச்சேரிக்காரங்க, அங்க லிசேங்கற ப்ரெஞ்ச் ஸ்கூல்ல படிச்சவங்க. கைல ஒரு நரி பொம்மைய மாட்டிப்பாங்க, அந்த நரிக்குத் தமிழும் தெரியாது இங்கிலீஷும் தெரியாது, அதுகிட்ட ஏதாவது வேணும்னா ப்ரெஞ்ச்லதான் கேக்கணும். டீச்சருக்குத் தமிழ் தெரியும்னு பசங்களுக்கு நல்லாவே தெரியும், ஆனாலும் நரிய ஏமாத்த ஒருத்தருக்கும் மனசு வரல. அப்புறம் "ஜாக் ஆ தி" விளையாட்டு, ஜாக் சொன்னாருன்னா மூக்கத் தொடணும், சொல்லாம தொட்டா அவுட்டு. முதல்ல உடம்பு பதில் சொல்லட்டும், வாய் மெதுவா வரட்டும்ங்கறது ஜேம்ஸ் ஆஷர்னு ஒரு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் 1960கள்ல கொண்டுவந்த முறை. அதனால ரொம்ப நாள் இவ வாயே திறக்கல, நாங்கதான் பதறுனோம், டீச்சர் கண்டுக்கவே இல்ல. உச்சரிப்பு சொல்லிக்குடுக்கற விதமும் அழகு, ப்ரெஞ்ச் "u" சத்தத்துக்கு "ஈ" சொல்லு, அப்படியே உதட்ட மட்டும் "ஊ"வுக்குக் குவி, அவ்ளோதான். எனக்கும் இவங்கப்பாவுக்கும் கண்ணாடி முன்னாடி நின்னாலும் விசில்தான் வருது, அவளுக்கு சத்தம் வந்துருச்சு.

எனக்கு இந்த க்ளாஸ் புடிச்சுப்போனது ஜனவரிலதான். அங்க ப்ரான்ஸ்ல அப்ப "கலெத்"னு ஒரு கேக் வெட்டுவாங்க, உள்ள ஒரு குட்டி பொம்மை ஒளிஞ்சிருக்கும், யார் துண்டுல வருதோ அவங்கதான் அன்னிக்கு ராஜா. ஏமாத்து வேல நடக்கக்கூடாதுன்னு கூட்டத்துலயே சின்ன குழந்தை மேஜைக்கு அடில உக்காந்து எந்தத் துண்டு யாருக்குன்னு சொல்லணும். இங்க க்ளாஸ்ல பொம்மைக்குப் பதிலா ஒரு முழு பாதாம், மேஜைக்கடில எங்க பொண்ணு. மேலேர்ந்து "சே பூர் கி?" (இது யாருக்கு?)னு டீச்சர் கேக்க, கீழேர்ந்து "பூர் கவின்!", "பூர் ஆதிரை!"ன்னு தொண்டை கிழிய ஒரு குரல். தமிழ்ல ஒரு வார்த்தை வரல. பாதாம் கவினுக்குப் போச்சு, அதுக்கு ஒரு அழுகை, அது தமிழ்ல.

குறைன்னா, ஒர்க்புக். பேனா புடிக்கவே இப்பதான் பழகற குழந்தைக்கு எழுத்து எதுக்குன்னு தெரியல. ஸ்கூல்ல ஏ பி சி டி, இங்க ஆ பே சே தே, நடுவுல கொஞ்ச நாள் எல்கேஜி மிஸ்கிட்ட இவ "பே ஃபார் பால்"னு சொல்லி வச்சா. டீச்சர்கிட்ட கேட்டா எதையாவது வீட்டுக்குக் குடுத்து விடலன்னா பேரன்ட்ஸ் "இன்னிக்கு என்ன நடத்துனீங்க"ன்னு புடிச்சுக்கறாங்களாம். அதுவும் நியாயம்தான். நாங்க அத அலமாரில வச்சிட்டோம். மூணு வயசையும் ஆறு வயசையும் ஒண்ணா உக்கார வைக்கறது இன்னொரு தலைவலி, பெருசுங்க முந்திக்கிட்டு பதில் சொல்லிடுதுங்க.

எங்க மாமியார் "தமிழே இன்னும் திருந்தல, அதுக்குள்ள இது வேறயா, பேச்சு குழறிடும்"னாங்க. ரெண்டு மூணு மொழி காதுல விழறதால பேச்சு தாமதமாகும்ங்கறதுக்கு ஆதாரம் இல்ல. ஆனா வீட்ல தமிழ்ல கதை சொல்ற நேரத்தக் குறைச்சிட்டு இங்க அனுப்பாதீங்க, அந்த விஷயத்துல நான் மாமியார் கட்சி.

ஃபீஸ் மாசம் 3,000 ரூபா, லீவ் போட்டா அந்த க்ளாஸ திருப்பி எடுக்க மாட்டாங்க. ட்ரையல் க்ளாஸ் ஒண்ணு ஃப்ரீ, கேட்டாத்தான் சொல்றாங்க. கார் எடுத்துட்டுப் போகாதீங்க, அந்தத் தெருவுல நிறுத்த இடமே கிடையாது.