ஒரே களஞ்சியமா, ஆளுக்கொரு களஞ்சியமா?

பல கல்லூரி நூலகங்கள் சேர்ந்து மின்னூலகம் நடத்த இரண்டு வழிகள் உண்டு. எல்லோருக்கும் ஒரே டிஸ்பேஸ் (மின்னூலகம் நடத்தும் மென்பொருள்) நிறுவல். அல்லது ஆளுக்கொரு நிறுவல் வைத்துக்கொண்டு, மெட்டாடேட்டாவை (தலைப்பு, ஆசிரியர், தேதி போன்ற விவரங்களை) மட்டும் ஓஏஐ-பிஎம்ஹெச் என்ற திரட்டல் நெறிமுறை வழியாகப் பொதுத் தேடலுக்குத் திரட்டுவது.

ஒரே நிறுவலில் ஒவ்வொரு நூலகமும் ஒரு ‘கம்யூனிட்டி’, அதாவது தனிப் பிரிவு. சர்வர், பேக்கப், அப்டேட் எல்லாம் ஓரிடத்தில் முடிந்துவிடும். ஒரு நூலகம் கூட்டமைப்பிலிருந்து விலகும்போதுதான் சிக்கல். ஹேண்டில் (ஒவ்வொரு ஆவணத்துக்கும் தரும் நிலையான இணைப்பு எண்) முன்னொட்டு கூட்டமைப்பின் பெயரில் இருந்தால், பழைய இணைப்புகளைப் புது முகவரிக்குத் திருப்பும் அதிகாரம் விலகிய நூலகத்திடம் இருக்காது. யார் திருப்பிவிடுவது என்பதைச் சேரும்போதே ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

தனி நிறுவலில் சுதந்திரம் அதிகம், ஆனால் திரட்டுவதில் பிழைகள் மலியும். நீக்கிய ஆய்வேடு பொதுத் தேடலில் மாதக்கணக்கில் தென்படுவது வழக்கமான புகார். அந்த நூலகத்தின் சர்வருக்கு ஓஏஐ-பிஎம்ஹெச்சின் ‘ஐடென்டிஃபை’ கோரிக்கை (களஞ்சியத்தைப் பற்றிய விவரம் கேட்பது) அனுப்பி, நீக்கங்களைத் தெரிவிக்குமா என்று சொல்லும் ‘டெலீட்டட் ரெக்கார்ட்’ மதிப்பைப் பதிலில் பாருங்கள். ‘நோ’ என்றிருந்தால் நீக்கம் பற்றிய தகவலே வராது. புதியவற்றை மட்டும் எடுக்காமல், அவ்வப்போது முழுவதையும் மறுபடி திரட்டி, பழையதோடு ஒப்பிட்டுக் கழிக்க வேண்டும்.

தேதியும் படுத்தும். 03/05/2019 என்பது மே 3ஆ, மார்ச் 5ஆ? எல்லோரும் 2019-05-03 (ஆண்டு-மாதம்-நாள்) என்ற வடிவில்தான் பதிய வேண்டும்.

சர்வரைப் பார்த்துக்கொள்ள முழுநேர ஆள் இல்லாத நூலகங்களுக்கு ஒரே நிறுவல்தான் சரி. பாதுகாப்பு அப்டேட் போடாத பத்து சர்வர்களைவிட, ஒழுங்காகப் பராமரிக்கும் ஒன்று எவ்வளவோ மேல்.