க்ளோஷரும் ஆறு கோடி லிட்டர் தண்ணீரும்

ஜாவாவில் பல வருடம் இருந்துவிட்டு இப்போது ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் வந்திருக்கும் நண்பன் கேட்டான்: "மச்சி, நீ கிளாஸே எழுதுறதில்லையாமே? நானும் க்ளோஷருக்கு மாறிடவா?" கிளாஸ் என்பது ஆப்ஜெக்டுகளை வார்த்தெடுக்கும் அச்சு; க்ளோஷர் என்பது ஒரு ஃபங்ஷன் தான் உருவான இடத்து வேரியபிள்களை எங்கே போனாலும் கூடவே வைத்துக்கொள்வது. ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. போன வாரம்தான் அதே க்ளோஷரோடு மல்லுக்கட்டி எழுந்திருக்கிறேன்.

நான் பார்த்துக்கொள்வது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் தண்ணீர் லாரி அனுப்பும் ஒருவருக்கான ஆப். லாரி ஒவ்வொன்றும் ஒரு ஃபங்ஷன் உருவாக்கித் தரும் ஆப்ஜெக்ட். மீதித் தண்ணீர், அடுத்த டெலிவரி எல்லாம் அந்த ஃபங்ஷனுக்குள் சாதாரண வேரியபிள்கள். வெளியே வருவது நிரப்பு, இறக்கு, மீதி என்று நாலைந்து ஃபங்ஷன்கள் மட்டும். வேறு யாரும் மீதியைத் தொட முடியாது. நான் விரும்பி அமைத்தது அது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 'திஸ்' (மெத்தட் எந்த ஆப்ஜெக்டுக்காக ஓடுகிறதோ அதைக் குறிக்கும் சொல்) தொல்லை அடியோடு கிடையாது. கிளாஸில் எழுதிய இறக்கு மெத்தடை அப்படியே ஒரு பட்டனின் கிளிக் லிசனருக்குக் கொடுத்துப் பார். உள்ளே 'திஸ்' என்பது லாரி இல்லை, அந்தப் பட்டன். பட்டனிடம் ஏது மீதித் தண்ணீர்? இல்லாத மதிப்பிலிருந்து 500 லிட்டரைக் கழித்து, வந்த 'நேன்' ('எண் இல்லை') மதிப்பைப் பட்டன் மேலேயே எழுதி வைத்துவிட்டுப் போகும். எரர் வராது, லாரியின் கணக்கும் குறையாது. க்ளோஷரில் அதே ஃபங்ஷனை பட்டனுக்குக் கொடு, டைமருக்குக் கொடு, எங்கே கொடுத்தாலும் தன் லாரியை விடாது. ஜாவாஸ்கிரிப்டை உருவாக்கிய பிரெண்டன் ஐக்கை 1995-ல் அழைத்ததே, க்ளோஷருக்குப் பேர்போன ஸ்கீம் மொழியை பிரவுசருக்குள் கொண்டுவரத்தான். கிளாஸ் என்ற எழுத்துமுறை 2015-ல்தான் வந்து சேர்ந்தது. க்ளோஷர் இந்த மொழிக்கு இரவல் சரக்கு இல்லை. எழுதும்போதே அது தெரியும்.

மெமரி பற்றிப் பயமுறுத்துவார்கள். ஆமாம், ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஃபங்ஷன்கள் தனித்தனியாக உருவாகும். கிளாஸில் அவை பொதுவாக ஒரே இடத்தில் இருக்கும். சில டஜன் லாரிக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். ஒரு அபார்ட்மென்டில் சம்ப் நிரம்பிவிட்டதால் 1,500 லிட்டரைத் திருப்பி எடுத்துக்கொண்டு லாரி கிளம்பியது. டிரைவர் அதைப் பதிவு செய்ததும் திரையில் மீதி 60001500 லிட்டர். ஆறு கோடி! படிவத்திலிருந்து வந்த 1500 எண்ணாக இல்லாமல் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்துத் தொடராக, வந்திருக்கிறது. 6000-த்தோடு கூட்டியதும் ஒட்டிக்கொண்டது. ஜாவாஸ்கிரிப்டில் தினம் நடக்கும் கூத்துதான், கண்ணில் பட்டால் ஒரு நிமிட வேலை. கண்ணில்தான் படவில்லை. ஆப்ஜெக்டை கன்சோலில் அச்சடித்தால் ஃபங்ஷன் பெயர்கள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. மீதி ஃபங்ஷனோ 'லிட்டர்' சேர்த்தே தருவதால் உள்ளே இருப்பது எண்ணா ஸ்ட்ரிங்கா என்று தெரியாது. டிரைவரின் போனிலிருந்து வந்த லாகில் லாரி இருக்க வேண்டிய இடத்தில் வெறும் அடைப்புக்குறி ஜோடி ஒன்று. லாகுக்காக ஜேசான் என்ற எழுத்து வடிவத்துக்கு மாற்றும்போது ஃபங்ஷன்களெல்லாம் உதிர்ந்துவிடும், வேறு எதுவும் வெளியே இல்லையே!

கன்சோலில் ஒரு ஃபங்ஷனை விரித்து, ஸ்கோப்ஸைத் திறந்து, அதற்குள் க்ளோஷரைத் திறந்தால் எல்லாம் தெரியும் என்பது சரிதான். ஒரு லாரிக்குச் செய்யலாம். வெயில் காலத்தில், அடுத்த லாரி எங்கே என்று ஓனர் போனிலேயே இருக்கும்போது, முழுப் பட்டியலையும் அப்படித் திறந்துகொண்டிருக்க முடியுமா? அடுத்தவர் கைவைக்கக் கூடாது என்று பூட்டினேன், சரி. பராமரிக்கிற எனக்குமா பூட்டு? ஜாவாஸ்கிரிப்டின் 2022 பதிப்பில் ஹேஷ் குறி போட்டு கிளாஸ் ஃபீல்டை (ஆப்ஜெக்ட் வைத்திருக்கும் மதிப்பை) மறைக்கும் வசதி வந்துவிட்டது. அதுவும் ஜேசானில் வராது. ஆனால் குரோம் கன்சோலில் விரித்தால் மதிப்பு அப்படியே தெரியும், ஸ்ட்ரிங் என்றால் மேற்கோள் குறியோடு.

இப்போது ஒவ்வொரு லாரி ஆப்ஜெக்டிலும் 'டுஜேசான்' என்று ஒரு ஃபங்ஷன் சேர்த்து உள்ளிருப்பதை லாகுக்குக் கொடுக்கிறேன். வேலை செய்கிறது. ஆனால் புதிதாக ஒரு வேரியபிள் சேர்க்கும்போதெல்லாம் அதிலும் எழுத வேண்டும். விட்டுப்போனால் அந்த ஒன்று மறுபடி இருட்டில்.

அதனால் மச்சி, இன்றைய தேதிக்குக் கேட்டால் நீ கிளாஸிலேயே எழுது. நான் இவ்வளவு புகழ்ந்ததும் நிஜம், இதுவும் நிஜம். ஹேஷ் ஃபீல்டு போட்டுக்கொள், பட்டனுக்கு மெத்தடை நேராகக் கொடுக்காமல் ஆரோ ஃபங்ஷன் என்ற குறும் ஃபங்ஷனுக்குள் வைத்துக் கொடு. இங்கே ஓடிக்கொண்டிருக்கும் லாரிகளை மட்டும் நான் மாற்றப்போவதில்லை.