ஸ்டாண்ட்பை இருந்தும் 11 நிமிஷம் நின்னுச்சு: மல்டி ஏஇசட், கிளஸ்டர், அரோரா, பேட்ரோனி, நாங்க எதுக்கு மாறினோம்

மருந்து மொத்த வியாபாரிங்களுக்கு பில்லிங், ஆர்டர் ரெண்டும் பாக்குற ஆப் எங்களோடது. பேக்எண்ட்ல மூணு பேர், டேட்டாபேஸை மட்டும் பாத்துக்கற டிபிஏன்னு தனியா ஆள் கிடையாது. டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ், அமேசானோட கிளவுடான ஏடபிள்யூஎஸ்ல, மும்பை ரீஜியன்ல, அவங்களே பராமரிக்கற டேட்டாபேஸ் சேவையான ஆர்டிஎஸ்ல ஓடுது. ரெண்டு வருஷமா மல்டி ஏஇசட் போட்டுத்தான் ஓட்டினோம், அதாவது வேலை செய்யற பிரைமரி மெஷின் ஒண்ணு, வேற ஏஇசட்ல (அதே ரீஜியன்ல தனியா இருக்கற டேட்டா சென்டர்) அது போனா எடுத்துக்க காத்திருக்கற ஸ்டாண்ட்பை ஒண்ணு. இந்த ரெண்டு வருஷத்துல மெஷின் தானா போய் ஃபெயில்ஓவர் ஆனது, அதாவது ஸ்டாண்ட்பைக்கு மாறினது, ஒரே ஒரு தடவ, ஒன்றரை நிமிஷத்துல திரும்ப வந்துடுச்சு. ஆனா ஒரு மைனர் வெர்ஷன் அப்கிரேட் போட்ட ராத்திரி 11 நிமிஷம் மொத்தமா நின்னுச்சு. ராத்திரி ஆஸ்பத்திரி ஆர்டர் பாக்குற ஒரு ஸ்டாக்கிஸ்ட் நாலு தடவ போன் பண்ணிட்டாரு, "தம்பி, ஒரு நிமிஷம்னுதானே மெசேஜ் போட்டீங்க"ன்னு. அவர் கேட்டது நியாயம்தான்.

ஸ்டாண்ட்பையை மொதல்ல ஏத்திட்டு அப்புறம் அதுக்கு மாத்துவாங்கன்னு நாங்களா நெனச்சுக்கிட்டோம். ஓஎஸ் பேட்ச்னா அப்படித்தான் நடக்கும், ஸ்டாண்ட்பைக்கு மொதல்ல, அப்புறம் ஃபெயில்ஓவர், கடைசில பழைய பிரைமரி. ஆனா டேட்டாபேஸ் இன்ஜின் வெர்ஷன் மாத்தும்போது சாதா மல்டி ஏஇசட்ல பிரைமரி, ஸ்டாண்ட்பை ரெண்டையும் ஒரே நேரத்துல ஏத்துறாங்க, அது முடியற வரைக்கும் உள்ள யாரும் போக முடியாது. டாக்குமெண்ட்ல இது தெளிவாவே இருக்கு, நாங்க படிக்கல.

இதுல இருந்துதான் எங்க கேள்வியே மாறிடுச்சு. ஹை அவைலபிலிட்டி, அதாவது எப்பவும் நிக்காம ஓடறதுன்னா எல்லாரும் மெஷின் செத்தா என்ன ஆகும்னுதான் பாக்குறோம். ஆனா போஸ்ட்கிரெஸ்ல மைனர் ரிலீஸ் வருஷத்துக்கு நாலு, பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர்னு கணக்கா வரும். செக்யூரிட்டி ஃபிக்ஸ் எல்லாம் அதுலதான் இருக்கு, தள்ளிப்போடவும் முடியாது. நாலு தடவையும் 11 நிமிஷம்னா வருஷத்துக்கு 44 நிமிஷம், அதுவும் நாமளே தேதி குறிச்சு நிறுத்துறது. ரெண்டு வருஷத்துல தானா வந்த ஒன்றரை நிமிஷத்துக்கு முன்னாடி இது எவ்ளோ பெருசு பாருங்க. அதனால அப்கிரேட் நேரத்துல எது எவ்ளோ நிக்குதுன்னு அத வெச்சுத்தான் எல்லாத்தையும் பாத்தோம்.

சாதா மல்டி ஏஇசட்டை மோசம்னு சொல்ல மாட்டேன். கமிட் ஆன, அதாவது எழுதி உறுதியான எதுவும் தொலையாது, ரெப்ளிகேஷன் சிங்க்ரனஸ், ஸ்டாண்ட்பையிலயும் எழுதினப்புறம்தான் கமிட் முடியும். ஃபெயில்ஓவர் பொதுவா 60-ல இருந்து 120 செகண்ட். காசு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஆனா ஸ்டாண்ட்பையில ஒரு செலக்ட் (படிக்கற கொயரி) கூட ஓட்ட முடியாது. ராத்திரி கால் மணி நேரம் நின்னா பரவாயில்லங்கற ஆப்புக்கு இதுவே தாராளம், இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க.

நாங்க போனது மல்டி ஏஇசட் டிபி கிளஸ்டர். பேர் ஒண்ணு மாதிரியே இருக்கறதால நெறைய பேர் ரெண்டும் ஒண்ணுதான்னு நெனைக்கறாங்க, உள்ள அமைப்பே வேற. எழுதற ரைட்டர் ஒண்ணு, படிக்க மட்டும் ரீடர் ரெண்டு, மூணும் மூணு ஏஇசட்ல. ரெண்டு ரீடர்ல ஒண்ணாவது எழுதியாச்சுன்னு சொன்னாத்தான் கமிட் முடியும், அதனால ரைட்டர் போனாலும் டேட்டா போகாது. ஃபெயில்ஓவர் பொதுவா 35 செகண்டுக்குள்ள. ரீடர்ல ரிப்போர்ட் ஓட்டிக்கலாம், எங்க ஜிஎஸ்டி ரிப்போர்ட் முழுக்க இப்போ அங்கதான் ஓடுது.

எங்களுக்கு முடிவு பண்ணிக் கொடுத்தது மைனர் அப்கிரேட்தான். இதுல ரீடர் ரெண்டையும் ஒண்ணு ஒண்ணா ஏத்திட்டு, ஏத்தின ரீடரை ரைட்டர் ஆக்கிட்டு, கடைசியா பழைய ரைட்டரை ஏத்தும். நிக்கறது அந்த மாத்தற நேரம் மட்டும்தான். மாறினதுக்கப்புறம் ரெண்டு அப்கிரேட் போட்டுட்டோம், மொதல் தடவ எங்க லாக்ல எரர் வந்தது 24 செகண்ட், ரெண்டாவது தடவ 31. அந்த ரெண்டாவது தடவ ஸ்டாக் சேர்க்கற பேட்ச் ஜாப் ஒண்ணு ஓடிட்டு இருந்துச்சு. ரீடர் தன்கிட்ட வந்து சேர்ந்தத எல்லாம் அப்ளை பண்ணி முடிச்சாத்தான் ரைட்டர் ஆகும், அதனால எழுதற வேலை கனமா இருந்து ரீடர் பின்தங்கி லேக் ஏறியிருந்தா அந்த அளவுக்கு ஃபெயில்ஓவர் நேரமும் இழுக்கும். இப்போ அப்கிரேட் அன்னைக்கு பேட்ச் ஜாப்பை நிறுத்தி வெச்சுடறோம்.

குறையும் இருக்கு. மூணு மெஷின் காசு. டி சீரிஸ் மாதிரி சின்ன மெஷின்ல இது கிடைக்காது, லோக்கல் எஸ்எஸ்டி இருக்கற கிளாஸ்தான் எடுக்கணும், அதனால சின்ன ஸ்டார்ட்அப்புக்கு ஆரம்ப பில்லே பயமுறுத்தும். மேஜர் வெர்ஷன் மாத்தும்போது கிளஸ்டர்லயும் மூணையும் சேத்துத்தான் ஏத்துவாங்க, அதுக்கு இது தீர்வு இல்ல. மேஜர் ஒவ்வொண்ணுக்கும் போஸ்ட்கிரெஸ் குழு அஞ்சு வருஷம் சப்போர்ட் தர்றதால அது எப்போவாவது வர்ற வேலை, அதுக்கு லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (டேபிள்ல நடக்கற மாற்றத்த வேற வெர்ஷனுக்கும் அனுப்பறது) வெச்சு புது கிளஸ்டரை பக்கத்துல எழுப்பி மாத்தலாம்னு இருக்கோம். நான் அத இன்னும் நிஜ டேட்டால பண்ணல, டெஸ்ட்ல மட்டும் பண்ணினேன். அதுல டேபிள் அமைப்பு மாத்தினா தானா போகாது, வரிசை ஐடி கொடுக்கற சீக்வென்ஸோட நம்பர் போகாது, பிரைமரி கீ இல்லாத டேபிள்ல அப்டேட், டெலிட் எல்லாம் இடிக்கும். எங்ககிட்ட பிரைமரி கீ இல்லாம ஏழு டேபிள் இருந்துச்சு, அத சரி பண்ணவே ஒரு வாரம் ஆச்சு.

ஏடபிள்யூஎஸ்ஸோட இன்னொரு டேட்டாபேஸ் சேவையான அரோராவை ரெண்டு மாசம் ஸ்டேஜிங்ல (சோதனைக்கு வெச்சிருக்கற செட்டப்) மட்டும் ஓட்டினேன், அதனால நான் சொல்றத கொஞ்சம் அளவாவே எடுத்துக்கோங்க. ஸ்டோரேஜ் அமைப்பு அருமை, டேட்டா மூணு ஏஇசட்ல ஆறு காப்பியா இருக்கும், ஆறுல நாலு எழுதியாச்சுன்னா கமிட். ஆனா ஆறு காப்பின்னு கேட்டதும் ஒரே ஒரு இன்ஸ்டன்ஸ் போட்டுட்டு ஹை அவைலபிலிட்டி வந்துடுச்சுன்னு நம்பிடாதீங்க. அந்த ஆறும் டேட்டாவுக்கு. கொயரி ஓட்டற மெஷின் ஒண்ணுதான் இருந்தா, அது செத்ததும் புதுசா ஒண்ணு எழுப்பணும், பத்து நிமிஷம் வரைக்கும் கூட போகலாம். ஒரு ரீடராவது வேற ஏஇசட்ல இருந்தாத்தான் 60 செகண்டுக்குள்ள, பல சமயம் 30-க்குள்ள முடியும். இன்னொண்ணு ஐஓ கட்டணம். சாதா அரோரால டிஸ்க்ல படிக்கறதுக்கும் எழுதறதுக்கும் தனி மீட்டர் ஓடும், எங்க ரிப்போர்ட் கொயரிங்களுக்கு அந்த மீட்டர் வேகமாவே ஓடுச்சு. 2023-ல ஐஓ ஆப்டிமைஸ்டுன்னு மீட்டர் இல்லாத பிளான் விட்டாங்க, மெஷினுக்கும் ஸ்டோரேஜுக்கும் ரேட் கூட. மொத்த அரோரா பில்லுல கால்வாசிக்கு மேல ஐஓவா இருந்தா அது லாபம். ரீடர் நெறைய வேணும்னா, டேட்டா டெராபைட் கணக்குல வளருதுன்னா, நானும் அரோராதான் எடுப்பேன். எங்க டேட்டா 300 ஜிபி.

பேட்ரோனிய நான் பழைய கம்பெனில பாத்துக்கிட்டேன், நம்ம மெஷின்ல நாமளே போஸ்ட்கிரெஸ் போட்டு ஓட்டறது, ஃபெயில்ஓவரை பேட்ரோனிங்கற டூல் பாத்துக்கும். அப்கிரேட் விஷயத்த மட்டும் பாத்தா நேர்மையா இதுதான் முதல் இடம். ரெப்ளிகாவை (பிரைமரியோட நகல் மெஷின்) ஏத்திட்டு ஸ்விட்ச்ஓவர் ஒரு கமாண்டு, சில செகண்ட்ல முடியும். டேட்டாபேஸுக்கு முன்னாடி கொயரிங்கள வாங்கி அனுப்பற பிஜி பவுன்சர் வெச்சு, அத கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுட்டு மாத்தினா கொயரி எரர் கூட ஆகாது, கொஞ்சம் காத்திருந்து போகும், அவ்ளோதான்.

ஆனா பேட்ரோனிக்கு எட்சிடி மாதிரி தனி ஸ்டோர் ஒண்ணு வேணும், யார் லீடர், அதாவது பிரைமரின்னு அதுலதான் எழுதி வெக்கும். பிரைமரி தன் லீடர் சாவியை 30 செகண்டுக்குள்ள புதுப்பிக்க முடியலன்னா தானே இறங்கிடும், ரெண்டு பேர் ஒரே நேரத்துல எழுதிடக் கூடாதுன்னு அப்படி வெச்சிருக்காங்க, அது சரியான முடிவு. எங்களுக்கு அங்க எட்சிடியோட டிஎல்எஸ் சர்டிபிகேட் காலாவதி ஆச்சு, டேட்டாபேஸ் நல்லா ஓடிட்டே இருந்தும் பிரைமரி இறங்கி எல்லாம் ரீட் ஒன்லி ஆயிடுச்சு, காரணம் கண்டுபிடிக்கவே 40 நிமிஷம். இப்போ ஃபெயில்சேஃப் மோடுன்னு ஒண்ணு இருக்கு, எட்சிடி போனாலும் மத்த மெஷின் எல்லாம் கைக்கு எட்டுற தூரத்துல இருந்தா பிரைமரி இறங்காது. அப்போ எங்ககிட்ட அது இல்ல. டீஃபால்ட்டா ரெப்ளிகேஷன் அசிங்க்ரனஸ் (ரெப்ளிகாவுக்கு காத்திருக்காம கமிட் ஆகும்), 1 எம்பி வரைக்கும் பின்தங்கின ரெப்ளிகாவையும் லீடர் ஆக்கிடும், பில்லிங்குக்கு சிங்க்ரனஸ் மோடு கட்டாயம் போடணும். இந்த மாதிரி ஒவ்வொண்ணையும் தெரிஞ்சு வெச்சிருக்கற ஆள் ஒருத்தர் எப்பவும் இருக்கணும். அங்க அது நான், லீவுல ஊருக்குப் போனாலும் லேப்டாப் கூடவே வரும். மூணு பேர் டீம்ல அந்த சுமைய இன்னொருத்தர் தலையில வெக்க எனக்கு மனசு வரல.

வேற ரீஜியன்ல ரெப்ளிகா வெச்சு தானா மாறுற மாதிரி பண்ணலாமான்னு எங்க மேனேஜர் கேட்டாரு. 2018 அக்டோபர்ல கிட்ஹப்ல 43 செகண்ட் நெட்வொர்க் துண்டிப்பு, அதுல அமெரிக்காவோட கிழக்குக் கரையில இருந்து மேற்குக்கு பிரைமரி தானா மாறி, ரெண்டு பக்கமும் மத்ததுல இல்லாத, எழுதின டேட்டா தங்கிடுச்சு, சரி பண்ண 24 மணி நேரத்துக்கு மேல ஆச்சு. அதக் காட்டினேன். ஹைதராபாத்ல பேக்அப் காப்பி மட்டும் வெச்சிருக்கோம், மாத்தறது கையாலதான்.

எத எடுத்தாலும் ஆப் பக்கம் ஒரு வேலை இருக்கு, அத விட்டா மேல சொன்ன செகண்ட் கணக்கு எதுவும் நிக்காது. எங்களோடது ஜாவா. அப்கிரேட்ல கனெக்‌ஷன் ஒழுங்கா மூடப்படும், ஆப்புக்கு உடனே தெரியும். மெஷின் பொசுக்குன்னு போனா அந்தப் பக்கத்துல இருந்து ஒண்ணுமே வராது, பதிலுக்கு காத்திருக்கற த்ரெட் அப்படியே தொங்கும். ஜாவாவை டேட்டாபேஸோட இணைக்கற போஸ்ட்கிரெஸ் ஜேடிபிசி டிரைவர்ல சாக்கெட் டைம்அவுட் (பதிலுக்கு எவ்ளோ நேரம் காத்திருக்கறதுங்கற வரம்பு) டீஃபால்ட்டா கிடையாது, அந்தப் பக்கம் உயிரோட இருக்கான்னு தட்டிப் பாக்கற கீப்அலைவும் ஆஃப்தான், ஆன் பண்ணினாலும் லினக்ஸ் மொதல் தடவ தட்டிப் பாக்கவே 7200 செகண்ட், ரெண்டு மணி நேரம். டேட்டாபேஸ் 35 செகண்ட்ல வந்தும் ஆப் மட்டும் செத்த மெஷினையே பாத்துட்டு நிக்கும். நாங்க பில்லிங் சர்வீசுக்கு சாக்கெட் டைம்அவுட் 20 செகண்ட், ரிப்போர்ட்டுக்கு 5 நிமிஷம், சர்வர் முகவரிய ஞாபகம் வெச்சுக்கற டிஎன்எஸ் கேஷ் 5 செகண்ட்னு வெச்சோம்.

இத சரிபாக்க மாசத்துக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி கன்சோல்ல இருந்து ஃபெயில்ஓவர் தட்டி விடறோம். ஆனா அதுலயும் கனெக்‌ஷன் பெரும்பாலும் ஒழுங்காத்தான் மூடுது, தொங்கற கேஸ் வராது. அதனால ஸ்டேஜிங்ல ஆப் சர்வர்ல ஐபிடேபிள்ஸ் (லினக்ஸ் ஃபயர்வால்) ரூல் போட்டு போஸ்ட்கிரெஸோட 5432 போர்ட்டுக்கு போற பாக்கெட்டை சத்தமில்லாம ட்ராப் பண்ணிப் பாத்தோம். அப்பத்தான் இன்வாய்ஸ் பிடிஎஃப் எடுக்கற பழைய சர்வீஸ் ஒண்ணு தனி கனெக்‌ஷன் ஸ்ட்ரிங் வெச்சுக்கிட்டு டைம்அவுட்டே இல்லாம தொங்கறது தெரிஞ்சுது, போன வாரம்தான் அதையும் மாத்தினோம்.