பாம்புச் செவிக்காரர்கள் எந்த இயர் பிளக் வாங்கலாம்?

சங்கப் பாடல்களில் அசுணம் என்றொரு உயிர் வரும். யாழிசை கேட்டால் மயங்கி அருகில் வரும்; பறை அதிர்ந்தால் அந்த இடத்திலேயே உயிரை விடும். வேட்டைக்காரர்கள் யாழை மீட்டி அதை வரவழைத்து, பறையை அறைந்து கொல்வார்களாம். அது புலவர்களின் கற்பனையாகவே இருக்கட்டும். ஆனால் "அவளுக்குப் பாம்புச் செவி, மாடியில் ஊசி விழுந்தாலும் கேட்கும்" என்று வீட்டில் பெருமையாகச் சொல்லப்படுகிறவர்களில் பலர், எவர்சில்வர் தட்டு தரையில் விழுந்தால் காதைப் பொத்திக்கொண்டு அறையை விட்டு ஓடுகிறவர்களும்தான். குக்கர் விசில், மிக்ஸி, பக்கத்து வீட்டுக் கைப்பேசி, கல்யாண மண்டபத்து ஒலிபெருக்கி எல்லாமே அவர்களுக்குப் பறைதான்.

இப்படிப்பட்டவர்கள் கடையில் போய், எவ்வளவு சத்தம் குறையும் என்று பெரிய எண் அச்சிட்ட இயர் பிளக் பெட்டியைத்தான் முதலில் எடுப்பார்கள். பெரும்பாலும் அது தவறான தேர்வு. காரணம் தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், காதும் மிஞ்சும்.

முதலில் காதைப் பற்றி இரண்டு வார்த்தை. சத்தம் தாங்காதவர்களுக்கு ஆடியோகிராம் (எவ்வளவு மெல்லிய ஒலிவரை கேட்கிறது என்று பார்க்கும் சோதனை) எடுத்தால் முடிவு பெரும்பாலும் சாதாரணமாகவே வரும். பிறருக்குக் கேட்காத மெல்லிய ஒலி இவர்களுக்குக் கேட்கிறது என்பதைவிட, எல்லோருக்கும் கேட்கிற ஒலியை இவர்களுடைய மூளை கூடுதலாகப் பெருக்கிக் காட்டுகிறது என்பதே சரி. ரேடியோவில் வால்யூம் திருகு தப்பான இடத்தில் நின்றுவிட்டதைப் போல. பெரும்பாலோருக்கு 100 டெசிபலை ஒட்டித்தான் சத்தம் தாங்கமுடியாத எல்லை வரும். இவர்களுக்கு அது வெகு கீழேயே வந்துவிடும். மருத்துவர்கள் இதை ஹைப்பரகூசிஸ் என்கிறார்கள். மெல்லும் சத்தம், உறிஞ்சும் சத்தம் போன்ற குறிப்பிட்ட ஒலிகளுக்கு மட்டும் கோபமும் அருவருப்பும் வருவது வேறு. அதற்கு மிசோஃபோனியா என்று 2001இல் பெயர் வைத்தார்கள். முகவாதம் வந்தவர்களுக்கும் சில நேரம் ஒரு பக்கக் காது கூசும். உரத்த ஒலியின்போது நடுக்காதில் உள்ள அங்கவடி எலும்பை இழுத்துப் பிடிக்கிற சின்னத் தசைக்கு முக நரம்புதான் கட்டளை தருகிறது. நரம்பு செயலிழந்தால் பிரேக் போய்விடுகிறது.

இனி பொருள்களுக்கு வருவோம்.

3எம் 1100, ஆரஞ்சு நிற ஃபோம் பிளக்

ஒரு ஜோடியின் விலை ஒன்றிரண்டு தேநீர் விலைதான். பாலியூரித்தேன் ஃபோம், நுனி ஒடுங்கிய வடிவம். கயிறு கோத்தது வேண்டுமென்றால் 1110. பிளக் எத்தனை டெசிபல் சத்தத்தைக் குறைக்கும் என்பதற்கு இரண்டு அளவுகோல்கள் உண்டு. அமெரிக்க அளவுகோலான என்ஆர்ஆர் இதற்கு 29 டெசிபல்; ஐரோப்பிய அளவுகோலான எஸ்என்ஆர் 37. இதே நிறுவனத்தின் பழைய மஞ்சள் உருளை, ஈ.ஏ.ஆர். கிளாசிக், அதற்கும் என்ஆர்ஆர் 29தான். ஆனால் எஸ்என்ஆர் 28. ஒரே பொருளுக்கு இரண்டு எண்கள் வருவது, சோதிக்கும் முறையும் கணக்கிடும் முறையும் வேறு என்பதால். ஆகவே ஒரு பெட்டியின் என்ஆர்ஆரை இன்னொரு பெட்டியின் எஸ்என்ஆரோடு ஒப்பிட்டு வாங்காதீர்கள். இணையக் கடைகளில் "37 டெசிபல்" என்று கொட்டை எழுத்தில் போடுவது எந்த அளவுகோல் என்று பாருங்கள்.

அந்த 29ம் ஆய்வுக்கூடத்து 29. தொழிற்சாலைப் பாதுகாப்புக் கணக்கில் அதிலிருந்து 7ஐக் கழித்து, மீதியைப் பாதியாக்குவார்கள்: 22இல் பாதி 11. அதாவது 90 டெசிபலில் மிக்ஸி ஓடினால், சுமாராகச் செருகியவர் காதுக்கு 79 டெசிபல் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். சரியாகச் செருகத் தெரிந்தவருக்கு இதைவிட நன்றாகவே குறையும். ஃபோம் பிளக்கில் காசு கொடுத்து வாங்குவது பாதி, கைப்பழக்கம் பாதி.

செருகும் முறை இது. கையைக் கழுவி நன்றாக உலர்த்துங்கள். பிளக்கை விரல்களுக்கிடையே உருட்டி, மடிப்பு விழாமல், பென்சில் ரீஃபில் போல மெல்லியதாக்குங்கள். மடிப்பு விழுந்தால் அந்த வரி வழியாகத்தான் சத்தம் நுழையும். வலக் காதுக்கு இடக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து, காது மடலை மேலும் பின்னும் இழுங்கள்; வளைந்திருக்கும் துவாரம் அப்போதுதான் நேராகும். உடனே செருகி, விரல் நுனியால் 20 முதல் 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பலர் கோட்டைவிடுவது இந்த 30 விநாடியில்தான். கையை எடுத்ததும் ஃபோம் விரிந்து, தன்னைத்தானே வெளியே தள்ளிவிடும். கண்ணாடியில் நேராகப் பார்க்கும்போது பிளக்கின் முனை காதுக்கு வெளியே துருத்திக்கொண்டு தெரிந்தால் அது போதிய ஆழத்தில் இல்லை. இன்னொரு சோதனை: இரு உள்ளங்கைகளாலும் காதை மூடித் திறங்கள். மூடும்போது சத்தம் கணிசமாகக் குறைந்தால் திரும்பச் செருகுங்கள்.

எடுக்கும்போது மெல்லத் திருகி எடுக்கவேண்டும். வெடுக்கென்று இழுத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகிச் செவிப்பறை வலிக்கும்.

குறைகள் உண்டு. சின்னத் துவாரமுள்ளவர்களுக்கு 1100 தடிமன்தான். ஒரு மணி நேரத்தில் வலி எடுக்கும். சிறிய அளவென்று சொல்லி விற்கும் ஃபோம் வாங்கிக்கொள்ளுங்கள். கழுவினால் ஃபோம் பழுதாகும். அழுக்கேறினாலோ, உருட்டியபின் மெதுவாக விரியாமல் பட்டென்று விரிந்தாலோ தூக்கிப் போடவேண்டியதுதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் தலைகுளித்த ஈரத்தோடும், காதில் எண்ணெய் விட்ட பிறகும் செருகினால் பூஞ்சை பிடிக்க நல்ல வாய்ப்பு. காதுக்குறும்பி அதிகம் சேருகிறவர்கள் அதை ஆழமாகத் தள்ளி அடைத்துக்கொள்வதும் நடக்கும்.

இரவுத் தூக்கத்துக்கும், மிக்ஸி ஓடும் 10 நிமிடத்துக்கும் இதைவிடச் சிறந்த பொருள் இந்த விலையில் இல்லை. பகல் முழுக்கப் போட்டுக்கொள்ள மட்டும் இது வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

எட்டிமோடிக் ஈஆர்20எக்ஸ்எஸ், லூப் எக்ஸ்பீரியன்ஸ் 2

ஃபோம் உயர் சுருதி ஒலிகளை அதிகமாகவும் தாழ்ந்தவற்றைக் குறைவாகவும் வெட்டும். அதனால் பேச்சு குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். இந்த இரண்டையும் போன்ற ஃபில்டர் பிளக்குகள் எல்லாச் சுருதிகளையும் ஏறக்குறைய ஒரே அளவில் இறக்கப் பார்க்கின்றன. அதாவது நாதஸ்வரம் நாதஸ்வரமாகவே கேட்கும், தூரத்தில் வாசிப்பதுபோல.

ஈஆர்20எக்ஸ்எஸ் என்ற பெயரில் உள்ள 20, நன்றாகப் பொருந்தினால் குறையும் டெசிபலைக் குறிக்கிறது. பெட்டியில் அச்சிட்ட என்ஆர்ஆர் 13தான். இரண்டையும் பார்த்துவிட்டு ஏமாற்று என்று நினைக்கவேண்டாம். என்ஆர்ஆர் கணக்கில், ஆளுக்கு ஆள் பொருத்தம் மாறுவதற்காகப் பெருமளவு கழித்துவிடுகிறார்கள். மூன்றடுக்குச் சிலிக்கான் நுனி ஆழமாகப் போகும். முதல் வாரம் அரிக்கும், கூசும். ஆழமாகப் போவதில் ஒரு லாபமும் உண்டு. காதை அடைத்தால் சொந்தக் குரலும் மெல்லும் சத்தமும் உள்ளே முழங்குமே, அது துவாரத்தின் வாயருகே அடைக்கும்போது மோசம். ஆழத்தில் அடைத்தால் குறைவு.

லூப் எக்ஸ்பீரியன்ஸ் 2க்கு எஸ்என்ஆர் 17. வளைய வடிவம், பார்க்க நகை மாதிரி இருக்கும், அலுவலகத்தில் யாரும் "காதில் என்ன?" என்று கேட்கமாட்டார்கள். நான்கு அளவு நுனிகள் பெட்டியிலேயே வருகின்றன. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்று நினைக்காமல் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். வலக்காது, இடக்காது அளவு வேறாக இருப்பது சாதாரணம். சாப்பிடும்போது மெல்லும் ஒலி முழங்குவது இதில் கூடுதல்.

கல்யாண வீடு, வகுப்பறை, சந்தை, ரயில் நிலையம் என்றால் இவைதான். பேச்சைக் கேட்டுக்கொண்டே கூர்மையை மட்டும் மழுக்கலாம். காதின் அச்சு எடுத்துச் செய்யும் இசைக்கலைஞர் பிளக்குகள் இதே வகையில் உயர்ந்தவை: 9, 15, 25 டெசிபல் என மாற்றிப் போடும் ஃபில்டர்கள் உண்டு. மேளக்காரர்களும் ஒலிப்பதிவாளர்களும் தயங்காமல் வாங்கலாம். மற்றவர்கள் முதலில் ஆயத்த பிளக்கைச் சில மாதம் போட்டுப் பார்த்துவிட்டு யோசிக்கலாம்.

3எம் பெல்ட்டர் எக்ஸ்5ஏ இயர் மஃப்

என்ஆர்ஆர் 31, எஸ்என்ஆர் 37, எடை 350 கிராம் அளவு. தலையில் இரண்டு பெரிய கிண்ணங்களைக் கவிழ்த்ததுபோல் இருக்கும். மஃப்பின் மதிப்பு எண்ணில் இல்லை, வேகத்தில் இருக்கிறது. குக்கர் விசில் வரப்போகிறது என்று தெரிந்ததும் 2 விநாடியில் மாட்டலாம், முடிந்ததும் கழற்றலாம். உருட்டவும் வேண்டாம், 30 விநாடி காத்திருக்கவும் வேண்டாம். காதுக்குள் எதையும் விடப் பிடிக்காத குழந்தைகளுக்கும் மஃப்தான் வழி; ஆனால் எக்ஸ்5ஏ அவர்கள் கழுத்துக்குப் பாரம், குழந்தைகளுக்கான அளவைக் கேட்டு வாங்குங்கள்.

மூக்குக்கண்ணாடியின் காம்பு மெத்தையைத் தூக்கிவிட்டால் அந்த இடுக்கில் சத்தம் புகும். கொண்டை, தடித்த பின்னல், தோடு எல்லாவற்றுக்கும் இதே கதை. மெத்தையும் உள் ஃபோமும் ஆண்டுக்கு இருமுறையாவது மாற்றவேண்டியவை. வியர்வையில் மெத்தை விறைத்துப்போன பழைய மஃப்பைப் போட்டுக்கொண்டு "முன்போல் இல்லை" என்று புலம்புவதில் பயனில்லை.

தீபாவளிக்குப் பிளக்கும் மஃப்பும் சேர்த்துப் போடலாம். இந்திய விதிப்படி ஒரு வெடி, வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டக்கூடாது. அந்த அனுமதிக்கப்பட்ட அளவே இத்தகைய காதுக்குச் சித்திரவதை. ஆனால் 29ஐயும் 31ஐயும் கூட்டி 60 என்று கணக்குப் போடாதீர்கள். இரண்டில் பெரிய எண்ணோடு 5 கூட்டினால் போதும், 36. மண்டையோட்டு எலும்பு வழியாகவும் ஒலி உட்காதுக்குப் போவதால் ஓர் எல்லைக்கு மேல் எதைப் போட்டும் குறையாது.

சத்தம் நீக்கும் ஹெட்ஃபோன்

சோனி டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்5 போன்றவை: 250 கிராம், ஒரு சார்ஜில் 30 மணி நேரம். விலையோ மேலே சொன்ன எல்லாவற்றையும் சேர்த்து வாங்கினாலும் மிஞ்சும். வெளியிலிருந்து வரும் அலைக்கு எதிரலையை உண்டாக்கிச் சத்தத்தை அழிப்பது இதன் வேலை. அது பேருந்து எஞ்சின், ஏசி, விமானம் போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான முழக்கத்துக்கு அற்புதமாக வேலை செய்யும். திடீரென்று விழும் கரண்டி, விசில், குழந்தையின் வீறிடல், பக்கத்து மேசைப் பேச்சு இவற்றுக்கு மின்னணு வேலை அதிகம் உதவாது. அங்கே காப்பது பெரும்பாலும் காதை மூடும் மெத்தைதான். பாம்புச் செவிக்காரர்களைப் படுத்துவது பெரும்பாலும் இரண்டாவது வகை. நீண்ட பயணம் போகிறவர் வாங்கட்டும். சமையலறைக்காக வாங்குவது வீண். சிலருக்கு இதைப் போட்டதும் லிஃப்டில் இறங்குவதுபோல் காதில் அழுத்தம் தோன்றும். கடையில் 15 நிமிடம் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பகல் முழுக்க ஏன் போடக்கூடாது

2003இல் வெளியான ஓர் ஆய்வில், நல்ல காதுள்ளவர்களில் ஒரு பகுதியினர் இரண்டு வாரம் இயர் பிளக் போட்டுக்கொண்டார்கள்; இன்னொரு பகுதியினர் மெல்லிய இரைச்சல் எழுப்பும் கருவியை அணிந்துகொண்டார்கள். பிளக் போட்டவர்களுக்கு அதன்பின் சத்தம் முன்பைவிட உரக்கக் கேட்டது. இரைச்சலோடு இருந்தவர்களுக்கு முன்பைவிடத் தாங்கும் சக்தி கூடியிருந்தது. ஒலி வரத்துக் குறைந்தால் மூளை தன் வால்யூம் திருகை இன்னும் ஏற்றிவிடுகிறது. எனவே வீட்டின் சாதாரணப் புழக்கத்துக்கும் பிளக் போடுகிறவர், மாதங்கள் போகப்போக இன்னும் பெரிய எண்ணைத் தேடி அலைவார்.

ஆகவே இந்தப் பட்டியலில் ஐந்தாவது பொருள் சத்தத்தை அடைப்பதல்ல, எழுப்புவது: ஒரே சீரான மெல்லிய 'ஸ்ஸ்' இரைச்சலை எழுப்பும் வெள்ளிரைச்சல் கருவி. தலைமாட்டில் வைக்கிற சிறு பெட்டியாகக் கிடைக்கிறது. பலருக்கு அதற்குச் செலவே வேண்டாம். மேல்விசிறி அதே வேலையைத்தான் செய்கிறது. முற்றிலும் நிசப்தமான அறையில் கதவுத் தாழ்ப்பாள் சத்தம் இடியாக விழும்; மெல்லிய இரைச்சல் இருந்தால் அந்த வேறுபாடு குறையும். சத்தத்தை எரிச்சல் தராத அளவில், பேச்சை மறைக்காத அளவில் வையுங்கள். சிகிச்சையாகவே செய்வதென்றால் ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் நிபுணர்) அளந்து படிப்படியாகக் கூட்டுவார்.

இந்தப் பொருள்கள் எதையும் வாங்கக்கூடாத ஒரு கூட்டமும் உண்டு. சிலருக்குத் தங்கள் கண் உருளும் சத்தமே காதில் கேட்கும், காலடி மண்டைக்குள் இடிக்கும், உரத்த ஒலியில் தலை சுற்றும். கதையில் வரும் அதிசய சக்தி மாதிரி இருந்தாலும், உட்காதின் மேல் அரைவட்டக் குழாயை மூடிய எலும்பில் ஓட்டை விழுந்ததால் வருவது இது. 1998இல்தான் இந்த நோயை அடையாளம் கண்டு எழுதினார்கள். உள்ளிருந்து வரும் சத்தத்தைப் பிளக் இன்னும் முழங்கவே செய்யும். இந்த அறிகுறி உள்ளவர்கள் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் சிடி ஸ்கேன் பற்றிக் கேளுங்கள். ஒரு காது மட்டும் திடீரென்று கூசத் தொடங்கினாலும் அப்படியே.

மற்றவர்கள் ஒரு பெட்டி ஃபோமும், ஒரு ஜோடி ஃபில்டர் பிளக்கும் வாங்கினால் ஆரம்பத்துக்குப் போதும். மஃப்பைச் சமையலறை ஆணியில் மாட்டி வையுங்கள், பீரோவுக்குள் அல்ல. ஃபோமோடு தூங்குகிறவர்கள் அதிரும் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். சாலையைக் கடக்கும்போது ஃபில்டர் பிளக்கையும் கழற்றிவிடுங்கள். ஃபில்டர் பிளக்கின் சிலிக்கானை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவலாம், ஆனால் ஃபில்டர் தண்டு கழன்று வருகிற மாடல் என்றால் அதைக் கழற்றிவிட்டு. துளைக்குள் நீர் தேங்கினால் அன்றைக்கு அது ஃபில்டர் அல்ல, வெறும் அடைப்பு.