பழைய ஹாலுக்கு எந்தத் தரை? ரெட் ஆக்ஸைடு, டைல்ஸ், ஆத்தங்குடி

நாற்பது ஐம்பது வருஷத்துக்கு முன் கட்டிய வீட்டின் ஹாலைப் புதுப்பிக்க மேஸ்திரியைக் கூப்பிட்டால், அவர் முதலில் சொல்வது பெரும்பாலும் இதுதான்: "சிவப்புத் தரை மேலயே டைல்ஸ் ஒட்டிடலாம் சார்." பெயிண்ட் பிடிக்கவில்லை என்றால் அடுத்த பொங்கலுக்கு மாற்றலாம். தரையை அப்படி மாற்ற முடியாது. தலையாட்டும் முன் மூன்று வழிகளையும் பார்த்துவிடுங்கள்.

முதலில் இருப்பதை வைத்துக்கொள்ளும் வழி. ரெட் ஆக்ஸைடு தரை என்பது சிமென்ட்டில் இரும்பு ஆக்ஸைடு நிறமி கலந்து, கரணையால் தேய்த்து வழவழப்பாக்கியது. இணைப்பே கிடையாது, பெருக்கித் துடைக்க சுகம். பல வருஷ அழுக்கும் மெழுகும் படிந்து மங்கியிருந்தால் அது தரையின் குற்றமில்லை. ஒரு நாணயத்தால் அங்கங்கே தட்டிப் பாருங்கள். கெட்டியான சத்தம் வந்தால், முடி போன்ற விரிசல்கள் இருந்தாலும் தேய்த்து மெழுகு போட்டு மீட்டுவிடலாம். பொள்ளலாகக் கேட்டாலோ, ஒரு பக்கம் இறங்கியிருந்தாலோ, ஆசையை விட்டுவிடுவது நல்லது.

இதில் இரண்டு சிக்கல் உண்டு. நிறம் மேலடுக்கில் மட்டும்தான். பாலிஷ் மிஷின்காரர் சொரசொரப்பான கல்லைப் போட்டு அழுத்தினால் அடியில் இருக்கும் சாம்பல் சிமென்ட் தெரிந்துவிடும். அப்புறம் ஒட்டுப்போட்ட இடம். புதுக் கலவையின் சிவப்பு பழைய சிவப்போடு ஒருநாளும் சேராது. ஷோகேஸ் நின்ற இடத்திலேயே ஒட்டு விழுந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

விட்ரிஃபைட் டைல்ஸ் மூன்றிலும் வேகமானது, கறை பிடிக்காதது, எந்த ஊரிலும் ஆள் கிடைப்பது. சின்னக் குழந்தைகளும் சாம்பாரும் உள்ள வீட்டில் இதைக் குறை சொல்ல மாட்டேன். பளபளப்பு ரகத்தைத்தான் வேண்டாம் என்பேன். ஈரம் பட்டால் வழுக்கும், பெரியவர்கள் இருக்கும் வீட்டுக்கு மேட் ரகம்தான் சரி. ஆனால் பழைய தரை மேலேயே ஒட்டும்போது பசையும் டைலும் சேர்ந்து அரை அங்குலமாவது உயரும். கதவின் அடியைச் சீவ வேண்டும், பக்கத்து அறைக்குப் போகும் இடத்தில் கால் தடுக்கும். கொட்டேஷனில் இதெல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள், பெரும்பாலும் இருக்காது. அதைவிட முக்கியம், கீழிருந்து ஓதம் ஏறும் வீட்டில் டைல்ஸ் அதை நிறுத்தாது. இணைப்புகளில் உப்பு பூக்கும், சுவரின் அடியில் பெயிண்ட் உரியும்.

ஆத்தங்குடி கல் காரைக்குடிக்குப் பக்கத்து ஊரான ஆத்தங்குடியில் கையால் செய்வது. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றி, அதன் மேல் மணலும் சிமென்ட்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறவைத்துக் காயவிடுகிறார்கள். சூளையே கிடையாது, அந்த மினுமினுப்பு கண்ணாடியிலிருந்து வருவது. துடைக்கத் துடைக்க மெருகேறும். சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைப்பவர்களும் உண்டு. எலுமிச்சை, புளி, ஆசிட் கலந்த க்ளீனர் மூன்றும் இதற்கு எதிரி. கல் கனமாக இருப்பதாலும் கீழே கலவை போட்டுப் பதிக்க வேண்டியிருப்பதாலும் பழைய தரையை உடைத்தே ஆகவேண்டும். பதிக்கத் தெரிந்த ஆள்தான் பதிக்க வேண்டும், தப்பினால் மட்டம் கோணும். அதே பூ டிசைனை அச்சடித்த செராமிக் டைல்ஸும் கடையில் இருக்கிறது. அது வேறு, இது வேறு. சின்ன ஹாலில் எல்லாப் பக்கமும் பூ வேண்டாம், நடுவில் ஒற்றை நிறமும் ஓரத்தில் பார்டரும் போதும்.

என் ஓட்டு: தட்டிப் பார்த்துக் கெட்டியாக இருந்தால் சிவப்புத் தரையே. மிச்சமாகும் பணத்தை ஓதத்துக்கும் வெளிச்சத்துக்கும் போடுங்கள்; ஒற்றை டியூப்லைட்டில் எந்தத் தரையும் எடுபடாது. தரையை உடைத்தே தீர வேண்டும் என்றால் ஆத்தங்குடி. வாடகைக்கு விடப்போகும் வீடென்றால் டைல்ஸ், யோசிக்கவே வேண்டாம்.

சுவரில் பழைய சுண்ணாம்பு இருந்தால் முழுக்கச் சுரண்டிவிட்டுத்தான் எமல்ஷன் அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் பொருக்குப் பொருக்காக உரியும். தரையைத் தேய்க்கும்போது சேற்றுத் தண்ணீர் சுவரெல்லாம் தெறிக்கும். அதனால் முதலில் தேய்ப்பு, பிறகு பெயிண்ட், மெழுகு கடைசியில்.